அடுத்து என்ன படிப்பது? கையில் இருக்கும் புத்தகத்திலிருந்தே தேடும் முறை

அடுத்து என்ன படிக்கலாம் என்று கேட்டால் உடனே யாராவது ஒரு பட்டியலை அனுப்பிவிடுகிறார்கள், ‘வாசித்தே ஆக வேண்டிய நூறு நாவல்கள்’ மாதிரி. அதில் இருப்பவை நல்ல புத்தகங்களாகவே இருக்கலாம். ஆனால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் என்ன தொடர்பு, எதை முதலில் எடுப்பது, ஏன் எடுப்பது என்று பட்டியல் சொல்லாது, அதனால் நாலாவது புத்தகத்திலேயே அலுப்பு வந்துவிடும். எனக்குக் கைகொடுத்த முறை வேறு. ஏற்கெனவே பிடித்த ஒரு புத்தகத்தை எடுத்து, அதற்குள் இருக்கும் பெயர்களைப் பிடித்துக்கொண்டு போவது. நாவலில் தொடங்கி கவிதை, இயற்கை, வரலாறு, மொழிபெயர்ப்பு என எங்கே வேண்டுமானாலும் போய்ச் சேரலாம். கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல் பக்கத்து ஆட்களை மனதில் வைத்து எழுதுகிறேன், அதனால் உதாரணங்களும் பெரும்பாலும் நம்ம பக்கத்தவைதான்.

தேவைப்படுவது ஒரு நோட்டு, பேனா, நூலக உறுப்பினர் அட்டை. வாசிப்புக் கணக்கு வைத்துக்கொள்ளச் செயலிகள் நிறைய இருக்கின்றன, ஆனாலும் இந்த வேலைக்கு நோட்டுதான் சரி என்பேன். ஒரு பெயரிலிருந்து இன்னொன்றுக்குக் கோடு இழுக்க வேண்டும், ஓரத்தில் கிறுக்க வேண்டும், புத்தகக் கடையில் நின்றபடியே திறந்து பார்க்க வேண்டும்.

படி 1: பேச்சு பழகிய புத்தகத்தில் தொடங்குங்கள்

நமக்குத் தெரிந்த மண், தெரிந்த பேச்சு என்றால் எழுதியவர் எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார் என்பதை நாமே எடை போட்டுவிடலாம். யாருடைய மதிப்புரையும் வேண்டியதில்லை. தாராபுரம் பக்கத்துக்காரரான ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ 1942-இல் வந்த நாவல். கணவனை இழந்த ஒரு பெண் தன் பங்கு நிலத்தைக் கேட்கிறாள், அவ்வளவுதான் விஷயம், ஆனால் பங்கு பிரிக்கிற பேச்சு ஒரு வீட்டை என்ன செய்யும் என்று தோட்டங்காடு வைத்திருக்கிற எந்தக் குடும்பத்துக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. சின்னப் புத்தகம், சீக்கிரம் முடித்துவிடலாம்.

அது வேண்டாம் என்றால் திருப்பூர்க்காரர்களுக்கு எம். கோபாலகிருஷ்ணனின் ‘மணல் கடிகை’, சாயக்கழிவு பற்றி அறிய சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’, சத்தியமங்கலம் காட்டு மக்கள்மேல் நடந்த சித்திரவதையைத் தெரிந்துகொள்ள ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’. கடைசியாகச் சொன்னதை மனம் தளர்ந்திருக்கிற நேரத்தில் எடுக்காதீர்கள். ஆனால் ஒருநாள் எடுத்தே தீர வேண்டும்.

படி 2: கதை முடிந்த பிறகு கதை அல்லாத பக்கங்களைப் படியுங்கள்

முன்னுரை, சமர்ப்பணம், நன்றி, தலைப்புப் பக்கத்தின் பின்புறம், பின்னட்டை, கடைசியில் வரும் பதிப்பக விளம்பரம். எல்லோரும் தாண்டிப்போகும் இந்தப் பக்கங்களில் கண்ணில் படும் ஒவ்வொரு பெயரையும் நோட்டில் எழுதுங்கள்.

‘நாகம்மா’ளையே எடுப்போம். முன்னுரை எழுதியவர் கு.ப. ராஜகோபாலன். அவர் சிறுகதைக்காரர், 1944-இல் இறந்துவிட்டார். அவர் கதைகளைத் தேடிப் போனால் காலச்சுவடு வெளியிட்ட தொகுப்பு கிடைக்கும், அதைப் பதிப்பித்தவர் யார் என்று பார்த்தால் திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பெருமாள்முருகன். அவர் பெயரைப் பிடித்தால் ‘ஏறுவெயில்’, ‘கூளமாதாரி’, ‘மாதொருபாகன்’, ‘பூக்குழி’ என்று நாவல்கள் ஒரு பக்கம், ‘கொங்கு வட்டாரச் சொல்லகராதி’ இன்னொரு பக்கம். ஒரு முன்னுரையிலிருந்து சிறுகதைக்கும், அங்கிருந்து பதிப்பு வேலைக்கும், பிறகு அகராதிக்கும் வந்துவிட்டோம்.

சண்முகசுந்தரத்தின் மற்ற நூல்களைப் பார்த்தால் இன்னொரு வழி திறக்கும். விபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் ‘பதேர் பாஞ்சாலி’யைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் அவரேதான். சத்யஜித் ராய் 1955-இல் படமாக எடுத்த அதே கதை. நம்ம பக்கத்து எழுத்தாளர் ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு வங்காள கிராமத்துக்குள் நுழைவது, முன்பின் தெரியாத பட்டியலில் வங்காள நாவல் ஒன்றைப் பார்த்து வாங்குவதைவிட எத்தனையோ மேல்.

படி 3: ஒவ்வொரு தாவலிலும் வகையை மாற்றுங்கள்

நாவலிலிருந்து நாவலுக்கே போய்க்கொண்டிருந்தால் ஒரே வட்டத்தில் சுற்றுவோம். நோட்டில் ஒரு பக்கத்தைக் கட்டம் கட்டி நாவல், சிறுகதை, கவிதை, இயற்கை, வரலாறு, தன்வரலாறு, சினிமா, மொழிபெயர்ப்பு, துப்பறியும் கதை, சிறுவர் நூல் என்று எழுதிக்கொள்ளுங்கள். எந்தக் கட்டம் காலியாக இருக்கிறதோ அதை நோக்கி அடுத்த அடி.

இதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் தியடோர் பாஸ்கரன். தாராபுரத்தில் பிறந்தவர், அஞ்சல் துறையில் பெரிய பதவி வகித்தவர், தமிழ் சினிமா வரலாறு, காட்டுயிர் இரண்டிலும் எழுதியவர். ஒரே ஆளை வைத்து இரண்டு கட்டம் நிரம்பிவிடும். ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற நூலை அவர் தொகுத்தார், அதிலுள்ள கட்டுரைகளை எழுதியவர் மா. கிருஷ்ணன் என்ற இயற்கையாளர். அந்தக் கிருஷ்ணன் யார் என்று பார்த்தால், 1898-இல் ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன். பறவைகளைப் பற்றிய கட்டுரையில் கிளம்பித் தமிழின் தொடக்ககால நாவல் ஒன்றில் வந்து நிற்கிறோம், அதுவும் மூன்றே பெயர்களில்.

கவிதைக்கு வழி வேண்டுமென்றால் பொள்ளாச்சியில் சிற்பி பாலசுப்பிரமணியம் இருக்கிறார். எழுபதுகளில் கோவையை மையமாகக் கொண்ட வானம்பாடி இயக்கத்தின் கவிஞர்களில் ஒருவர். ‘ஒரு கிராமத்து நதி’ கவிதைத் தொகுப்புக்கு 2002-ஆம் ஆண்டின் சாகித்திய அகாடமி விருது, அதற்கு முன்பே 2001-இல் மொழிபெயர்ப்புக்கான விருது. மொழிபெயர்த்தது லலிதாம்பிகா அந்தர்ஜனத்தின் ‘அக்னிசாட்சி’, நம்பூதிரி வீட்டுப் பெண்களைப் பற்றிய மலையாள நாவல். வாளையாறைத் தாண்டினால் மலையாளம்தானே, ஆனாலும் மலையாள நாவல் ஒன்றைக்கூடப் படிக்காதவர்கள் நம்மில் நிறைய.

துப்பறியும் கதைக் கட்டத்தைக் கேவலமாக நினைத்துத் தாண்ட வேண்டாம். கோவையின் ராஜேஷ்குமார் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர், பேருந்து நிலையக் கடையில் தொங்கிய மாத நாவல்களால் வாசிக்கக் கற்ற தலைமுறை ஒன்று இங்கே உண்டு.

படி 4: பெயரைச் சரியாகப் பிடிப்பது

நேரம் அதிகம் போவது இங்கேதான், எனக்கும் இந்த முறை கிட்டத்தட்ட நின்றுபோன இடம் இது. நோட்டில் பெயர் இருக்கும், ஆனால் இணையக் கடையிலோ நூலகத்திலோ தேடினால் ஒன்றும் வராது. புத்தகமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள், பெரும்பாலும் பெயர்தான் சிக்கல்.

முதலில் புனைபெயர். அசோகமித்திரன் என்பவர் ஜ. தியாகராஜன், புதுமைப்பித்தன் என்பவர் சொ. விருத்தாசலம், சுஜாதா என்பவர் எஸ். ரங்கராஜன். வண்ணதாசன் என்று சிறுகதை எழுதுகிறவர்தான் கல்யாண்ஜி என்ற பெயரில் கவிதை எழுதுகிறார். இது தெரியாவிட்டால் ஒரே ஆளை இரண்டு பேராக எழுதி வைத்திருப்போம், அவர் கவிதைகள் நமக்குத் தெரியாமலே போய்விடும்.

அடுத்து ஒரே பெயரில் இரண்டு பேர். சண்முகசுந்தரம் என்று மட்டும் தேடினால், நாட்டார் வழக்காற்றியலில் நிறைய எழுதிய, காவ்யா பதிப்பகத்தின் சு. சண்முகசுந்தரமும் வருவார். முன்னெழுத்தை விட்டுவிட்டால் கொங்குக்காரருக்குப் பதிலாக நெல்லைக்காரரின் நூல் வீட்டுக்கு வரும். அதுவும் படிக்க வேண்டிய நூலாக இருக்கலாம், அது வேறு கதை.

மூன்றாவது, எழுதும் விதம். ‘பெருமாள்முருகன்’ என்று ஒரே சொல்லாக ஓர் இடத்திலும் ‘பெருமாள் முருகன்’ என்று பிரித்து இன்னோர் இடத்திலும் இருக்கும். ‘மோகமுள்’, ‘மோக முள்’ அப்படியே. சண்முகசுந்தரம் சில இடங்களில் ஷண்முகசுந்தரம் ஆகிவிடுவார், பதேர் பாஞ்சாலி பாதேர் பாஞ்சாலி ஆகிவிடும். ‘அக்னி சாட்சி’ என்று தேடினால் 1982-இல் வந்த பாலசந்தர் படம்தான் முன்னால் வந்து நிற்கும், மொழிபெயர்ப்பாளர் பெயரையும் சேர்த்துப் போட்டால்தான் புத்தகம் வரும். என் வழக்கம் இதுதான்: தலைப்பில் ஒரே ஒரு சொல், கூடவே ஆசிரியர் பெயரின் முக்கியமான பகுதி, கூடவே பதிப்பகம் அல்லது மொழிபெயர்ப்பாளர். சேர்த்து ஒரு தடவை, பிரித்து ஒரு தடவை.

கடைசியாக ஆண்டு. கடைகளில் காட்டும் ஆண்டு பெரும்பாலும் இப்போதைய பதிப்பின் ஆண்டு. எண்பது வருடத்துக்கு முந்தைய நாவல் போன வருடம் எழுதியது மாதிரித் தெரியும். தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில் ‘முதற்பதிப்பு’ என்று இருக்கும் ஆண்டைத்தான் எழுதிக்கொள்ள வேண்டும். ஓர் எழுத்தாளர் எதை முதலில் எழுதினார், எதைப் பின்னால் எழுதினார் என்பது அடுத்த படிக்கு அவசியம்.

படி 5: விருதுப் பட்டியலைக் குறுக்காகப் படியுங்கள்

பட்டியலே வேண்டாம் என்று சொல்லிவிட்டு இப்போது இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சாகித்திய அகாடமி விருது தமிழில் 1955-இல் தொடங்குகிறது, முதல் நூலே ரா.பி. சேதுப்பிள்ளையின் ‘தமிழின்பம்’, ஒரு கட்டுரைத் தொகுப்பு. ஆக நாவல் மட்டும் அல்ல, பல வகையும் அதில் கலந்திருக்கிறது. மொழிபெயர்ப்புக்கு 1989 முதலும், சிறுவர் இலக்கியத்துக்கு 2010 முதலும், இளம் எழுத்தாளர்களுக்கு 2011 முதலும் தனித்தனி விருதுகள் உண்டு. காலிக் கட்டங்களை நிரப்ப அந்த மூன்றும் நல்ல இடம்.

ஆனால் விருது பெற்ற நூலையே வாங்க வேண்டும் என்பதில்லை. தி. ஜானகிராமனுக்கு 1979-இல் கிடைத்தது ‘சக்தி வைத்தியம்’ தொகுப்புக்கு, ‘மோகமுள்’ளுக்கோ ‘அம்மா வந்தா’ளுக்கோ அல்ல. அசோகமித்திரனுக்கு 1996-இல் கிடைத்தது ‘அப்பாவின் சிநேகிதர்’ என்ற சிறுகதைத் தொகுப்புக்கு. சுந்தர ராமசாமிக்குக் கிடைக்கவே இல்லை. பட்டியலில் ஆசிரியர் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு அவருடைய முந்தைய நூல்களுக்குப் போங்கள். அண்மையில் நம்ம பக்கத்துக்கு வந்தது 2023-இல், தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’. அதை மட்டும் நேராகவே எடுக்கலாம்.

படி 6: வாங்கும் முன் இருபது பக்கம்

நூலகத்தில் உட்கார்ந்து முதல் இருபது பக்கம் படியுங்கள். கோவை ஆர்.எஸ். புரத்து மாவட்ட மைய நூலகம் பெரியது, ஆனால் உங்கள் ஊர்க் கிளை நூலகத்தையும் விட்டுவிடாதீர்கள். கணினித் தேடல் இல்லாத இடத்தில் நேராக நூலகரிடம் “ஏனுங்க, ஆர். சண்முகசுந்தரம் புக்கு ஏதாச்சும் இருக்குதுங்களா” என்று கேட்டால் எந்த அலமாரியின் எந்தத் தட்டு என்பதுவரை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. அதற்கு வழி செய்த 1948-ஆம் ஆண்டு நூலகச் சட்டம் வந்தபோது கல்வி அமைச்சராக இருந்தவர் திருப்பூரில் பிறந்த தி.சு. அவினாசிலிங்கம். அந்த அலமாரிகள் நம்முடையவை, உரிமையோடு போய்ப் பயன்படுத்துங்கள்.

வாங்குவதற்குப் புத்தகத் திருவிழா நல்லது. கோவையில் ஜூலை வாக்கில் கொடிசியா வளாகத்தில், ஈரோட்டில் ஆகஸ்டில். பத்து சதவீதக் கழிவு கிடைக்கும் என்பதைவிட, சின்னப் பதிப்பகங்களின் விலைப்பட்டியல் இலவசமாகக் கிடைக்கும் என்பதுதான் எனக்கு முக்கியம். முதல் நாள் வாங்காமல் விலைப்பட்டியலை மட்டும் எடுத்து வந்து நோட்டோடு ஒப்பிட்டுவிட்டு, இன்னொரு நாள் போய் வாங்குங்கள். மற்ற மாதங்களில் கோவை ராஜ வீதி விஜயா பதிப்பகம் இருக்கவே இருக்கிறது.

பின்சேர்க்கை, படித்தவர்கள் கேட்டவை

மதுரைப் பக்கமிருந்து வேலைக்காகத் திருப்பூர் வந்த ஒருவர், ‘நாகம்மாள்’ பேச்சு புரியவில்லை என்று எழுதியிருந்தார். மேலே சொன்ன கொங்கு வட்டாரச் சொல்லகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட எளிது, புரியாத உரையாடலை வாய்விட்டுப் படிப்பது. காதில் விழுந்தால் பாதி புரிந்துவிடும்.

அச்சில் இல்லாத நூலுக்கு என்ன செய்வது என்று சிலர் கேட்டார்கள். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு முடிந்தால் பதிப்புரிமை முடிந்துவிடும், நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூல்களுக்கு அந்தக் காத்திருப்பும் இல்லை. இந்த இரண்டு வகையையும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் தன்னார்வலர்கள் பழைய தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றி வைக்கும், 1998 முதல் நடக்கும் மதுரைத் திட்டத்திலும் தேடிப் பாருங்கள். பக்கங்களைப் படமாக எடுத்துப் போட்டிருந்தால் உள்ளே சொல் தேட முடியாது, பொருளடக்கத்தைப் பார்த்துத்தான் போக வேண்டும்.

பத்து வயது மகளுக்கு எங்கே தொடங்குவது என்று கேட்ட அம்மாவுக்கு: மொடக்குறிச்சி பக்கத்தில் பிறந்த பெரியசாமி தூரன், தமிழின் முதல் கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாகக் கொண்டுவந்தவர், அப்புறம் குழந்தைகளுக்கென்றே தனியாக இன்னொரு பத்துத் தொகுதிகளும் கொண்டுவந்தார். இணையக் கல்விக்கழகத் தளத்தில் தேடி ஏதாவது ஒரு தொகுதியைத் திறந்து, மகளே ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். யானை வந்தால் யானை, ரயில் வந்தால் ரயில். அந்த வாரம் நூலகத்தில் அதைப் பற்றிய புத்தகத்தைத் தேடுங்கள், நோட்டில் பெயர் எழுதும் வேலையை அவளிடமே விட்டுவிடுங்கள்.