பெரிய தடியைக் கையாலேயே உருட்டி மில்லில் ஏற்றுவது எப்படி?

சின்ன மர அறுவை மில்லில் கிரேன் இருக்காது, ஃபோர்க்லிஃப்ட்டும் இருக்காது. கடப்பாரை, வடம், கொஞ்சம் துண்டுக்கட்டை, மூன்று நான்கு ஆள், அவ்வளவுதான் இருக்கும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரிய தடியைப் பார்த்ததும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு குனிவார்கள். அங்கேயே நிறுத்திவிடுவேன். தடியை யாரும் தூக்கப் போவதில்லை. அது எந்தப் பக்கம் உருளப் பார்க்கிறது என்று கண்டுபிடித்து, வேண்டாத பக்கத்தை அடைத்துவிட்டு, வேண்டிய பக்கத்துக்குக் கொஞ்சம் உசுப்பிவிடப் போகிறோம்.

படி 1: தொடுவதற்கு முன் எடை

பச்சை மரம் எடையில் ஏமாற்றும். வெட்டிய புதிதில் தண்ணீரோடு சேர்த்துப் பல மரங்கள் ஒரு கன மீட்டருக்கு 800 முதல் 1,100 கிலோ வரை இருக்கும். கணக்குக்கு 1,000 என்று வைத்துக்கொண்டால் ஒரு சுலப வழி உண்டு. தடியின் நடுவில் டேப்பைச் சுற்றிச் சுற்றளவை மீட்டரில் எடுங்கள். அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, வந்ததை 80-ஆல் பெருக்குங்கள். அதுதான் கிலோவில் எடை.

1.9 மீட்டர் சுற்றளவு, 3 மீட்டர் நீளம் என்றால் 1.9 × 1.9 × 3 × 80. ஏறக்குறைய 866 கிலோ. பார்வைக்கு நடுத்தரமான தடிதான், விட்டம் 60 சென்டிமீட்டர். அதே நீளத்தில் விட்டம் இரு மடங்கானால் எடை நான்கு மடங்காகும். ‘இது அதைவிடக் கொஞ்சம் பருமன்’ என்று யாராவது சொன்னால் அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்று டேப்பைக் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மர வியாபாரத்தில் சுற்றளவில் கால் பங்கை எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கும் ஹாப்பஸ் கணக்கு உண்டு. அறுக்கும்போது போகிற சேதாரத்துக்கு ஈடாக அது உண்மையான கன அளவைவிட 21 சதவீதம் குறைத்துக் காட்டும். சீட்டில் எழுதியிருக்கும் அந்த அளவை வைத்து எடை பார்த்தால் நம் தடி 677 கிலோ என்று வரும். மறைந்து கிடக்கிற அந்த 190 கிலோ சரிவில் பாதி ஏறியபிறகுதான் தெரியவரும்.

படி 2: சாமான்

ஒன்றரை மீட்டர் கடப்பாரை இரண்டு. உறுதியான மரத்தில் செய்த ஆப்பு ஏழெட்டு, கூடவே ஒரு மீட்டர் நீளப் பிடி போட்ட ஆப்பு இரண்டு. உருட்டுவதற்குக் கொக்கி வைத்த நெம்புகோல் ஒன்றாவது வேண்டும். நீளமான மரப்பிடியின் பக்கவாட்டில் வளைந்த கொக்கி ஆடிக்கொண்டிருக்குமே, அதுதான். கொக்கி பட்டையில் கடித்ததும் பிடியை அழுத்தினால் தடி புரளும். 1850களில் அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் ஜோசப் பீவி என்ற கொல்லர் அந்தக் கொக்கியை மேலும் கீழும் மட்டும் ஆடும்படி மாட்டி, பிடியின் முனையில் கூரான இரும்பும் வைத்தார். இன்றும் அந்த வகைக்குப் பீவி என்றே பெயர். பட்டறையில் சொல்லிச் செய்துகொள்ளலாம், கொக்கியின் முனை மட்டும் மழுங்காமல் இருக்க வேண்டும்.

முன்பக்கம் இரும்பு வைத்த ஷூ, கையுறை. தளர்ந்த கையுறை கொக்கியில் மாட்டும், கைக்குச் சரியானதைப் போடுங்கள்.

படி 3: பாதை

தடி கிடக்கும் இடத்திலிருந்து மில் வரை தரையில் இரண்டு வரிசை சட்டங்கள் போடுங்கள். மண்ணில் உருட்டினால் தடி புதையும். அதைவிட, பட்டைக்குள் மணலும் கல்லும் ஏறி ரம்பத்தின் பல்லைத் தின்றுவிடும்.

அடுக்கில் இருக்கும் தடியென்றால் எப்போதும் மேலிருந்து எடுங்கள். அடியில் இருப்பது நல்ல வைரம் பாய்ந்த மரமாகவே இருக்கட்டும், அதன் முறை வரும்.

படி 4: கிளப்புதல்

கடப்பாரை நுனியைத் தடிக்கு அடியில் கொடுத்து, நுனியிலிருந்து 15 சென்டிமீட்டரில் ஒரு கட்டையை முட்டுக் கொடுங்கள். உங்கள் பக்கம் 135 சென்டிமீட்டர் மிஞ்சும். ஒன்பது மடங்கு பலம். ஒரு முனையை மட்டும் கிளப்புவதால் 866 கிலோவில் பாதிதான் உங்கள் மேல் வரும், கையில் விழுவது 50 கிலோவுக்கும் குறைவு. ஆனால் நெம்புகோல் இலவசமாக எதுவும் தராது. உங்கள் கை 45 சென்டிமீட்டர் இறங்கினால் அந்தப் பக்கம் 5 சென்டிமீட்டர்தான் எழும். எழுந்த உடனே இன்னொருவர் ஆப்பைத் தள்ள வேண்டும். கையால் அல்ல, பிடி போட்ட ஆப்பால். பிறகு முட்டுக்கட்டையை உயர்த்தி மறுபடி நெம்புங்கள்.

கடப்பாரையை நெஞ்சுக்கு நேராக வைக்காதீர்கள், பிடிக்கு மேல் தலையையும் நீட்டாதீர்கள். தடி நழுவினால் பிடி முகத்துக்குத்தான் வரும்.

தடியைத் திசை திருப்ப வேண்டுமா? நடுவுக்கு அருகில், அடிமரப் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி, அடியில் ஒரு கட்டையை வைத்துச் சமன் செய்யுங்கள். இரண்டு முனையும் தரையை விட்டு ஒரு விரல்கடை எழுந்ததும் ஒரே ஆள் ஒரு முனையைத் தள்ளிச் சுழற்றிவிடலாம். புதிதாக வந்தவர்கள் வாயைப் பிளந்து பார்ப்பது இதைத்தான்.

படி 5: உருட்டுதல்

தடி ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் சிறுத்துத்தான் இருக்கும். ஒரு சுற்றுக்குப் பருத்த அடிமரப் பக்கம் அதிக தூரம் போகும். அதனால் நேராக உருட்டினாலும் தடி நுனிப் பக்கமாக வளைந்து போகும். ஐந்தாறு அடிக்கு ஒருமுறை நிறுத்தி, அடிமரப் பக்கத்தை ஆப்பு வைத்துப் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் முன்னே கொண்டுவாருங்கள்.

நிற்கும் இடம் எப்போதும் தடிக்குப் பின்னால், கால்கள் சட்டங்களுக்கு வெளியே. தடிக்கும் சுவருக்கும் நடுவில், தடிக்கும் தடிக்கும் நடுவில் யாரும் நுழையக் கூடாது. ஒருமுறை முன்பக்கம் மட்டும் அடைகொடுத்துவிட்டு, தரை சமம்தானே என்று பின்பக்கத்தை விட்டுவிட்டேன். டீ குடிக்கத் திரும்பியபோது தடி சத்தமில்லாமல் அரைச் சுற்று பின்னால் வந்து, சாய்த்து வைத்திருந்த நெம்புகோலின் பிடியை முறித்துப் போட்டது. இரண்டு நிமிஷத்துக்கு முன் அங்கே நின்றது நான். அன்றிலிருந்து நின்ற தடிக்கு நாலு ஆப்பு, முன்னே இரண்டு, பின்னே இரண்டு.

படி 6: வடம் போட்டு மேலேற்றுதல்

60 சென்டிமீட்டர் உயர மில் மேடைக்கு 3 மீட்டர் நீளச் சட்டங்கள் இரண்டைச் சரிவாகச் சாயுங்கள். மேல்முனை மேடையோடு ஆணியோ போல்ட்டோ போட்டு இறுகியிருக்க வேண்டும். சும்மா சாய்த்து வைத்தது தடி ஏறும்போது உதைத்துக்கொண்டு கீழே போகும்.

இப்போது இரண்டு வடம். ஒவ்வொன்றின் ஒரு முனையையும் மேடையில் கட்டுங்கள். மறுமுனையைச் சரிவில் இறக்கி, தடிக்கு அடியில் விட்டு, கீழ்ப்பக்கமாகச் சுற்றி எடுத்து, தடியின் மேலாகத் திரும்ப மேடைக்குக் கொண்டுவாருங்கள். தடியே இப்போது ஒரு கப்பி. வடத்தை இரண்டு மீட்டர் இழுத்தால் தடி ஒரு மீட்டர் ஏறும், பாரம் பாதியாகும்.

கணக்கு இப்படி: சரிவால் 866-இல் ஐந்தில் ஒரு பங்கு, 173. வடத்தால் அதில் பாதி, 87. கணு, பட்டை, உராய்வு எல்லாம் சேர்த்து 100 கிலோ இழுவை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் என்றால் ஆளுக்கு 25. பட்டை உரித்த ஈரத்தடியில் வடம் வழுக்கும், அதை மட்டும் காயவிட்டு ஏற்றுங்கள்.

இழுக்கிறவர்கள் மேடைக்கு அந்தப் பக்கம் நிற்கிறார்கள். தடி வேகத்தோடு மேடையைத் தாண்டினால் நேராக அவர்கள் மேல்தான். அதனால் முதல் இழுப்புக்கு முன்பே மேடையின் அந்த ஓரத்தில் தடுப்புக்கட்டைகள் இறுகியிருக்க வேண்டும். வடத்தைக் கையில் சுற்றவே கூடாது. பக்கத்தில் நட்ட தூணில் இரண்டு சுற்று சுற்றி முனையைப் பிடித்தால், தடி பின்வாங்கினாலும் ஒரே ஆள் தாங்கிவிடுவார்.

சரிவின் பக்கவாட்டில் ஒருவர், பிடி போட்ட ஆப்போடு, ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் ஆப்பைப் பின்னால் தள்ளிக்கொண்டே வர வேண்டும். ‘ஏலேலோ ஐலசா’வுக்கு இங்கே உண்மையாகவே வேலை இருக்கிறது. குரல் கொடுப்பவர் ஒருவர் மட்டும். ‘நிறுத்து’ என்று சொல்லும் உரிமை மட்டும் எல்லோருக்கும்.

படி 7: மேடையில் புரட்டுதல்

முதல் சீவல் எடுத்ததும் தடிக்கு ஒரு தட்டைப் பக்கம் வந்துவிடும். அதன்பின் அது உருளாது, கவிழும். தட்டைப் பக்கம் அடியில் வரும்போது படாரென்று விழுந்து மேடையின் மட்டத்தையே கெடுத்துவிடும். ரம்பத்தை முழுதாக நிறுத்துங்கள். கொக்கியைக் கடிக்கவிட்டு, பாரம் கைக்கு வந்ததை உணர்ந்தபிறகு மட்டும், தடியை மேடையோடு இறுக்கியிருக்கும் பிடிப்பைத் தளர்த்துங்கள். மறுபக்கத்தில் இரண்டாவது ஆள் கடப்பாரையால் தாங்கி மெதுவாக இறக்கட்டும்.

அடுத்த தடிக்குப் போகும்முன் சரிவுச் சட்டங்களில் உதிர்ந்த பட்டையைக் கூட்டிவிடுங்கள். ஆப்பு வழுக்குவது பெரும்பாலும் அதில்தான்.