பழைய எம்1911 ராணுவக் கைத்துப்பாக்கி: வயதும் விலையும் கண்டறிவது எப்படி?

பழைய ராணுவக் கைத்துப்பாக்கி ஒன்று கைக்கு வந்தால் எல்லோரும் முதலில் கேட்பது, "எந்த வருஷத்தது? எவ்வளவு போகும்?" என்றுதான். அமெரிக்காவின் எம்1911-ஐப் பொறுத்தவரை முதல் கேள்விக்குச் சீக்கிரமே விடை கிடைத்துவிடும். இரண்டாவதற்குத்தான் பொறுமை வேண்டும். சீரியல் எண் ஃப்ரேமின் (கைப்பிடியும் விசையும் உள்ள அடிப்பகுதி) வயதை மட்டும்தான் சொல்லும். அந்த ஃப்ரேமோடு தொழிற்சாலையை விட்டுக் கிளம்பிய பாகங்கள் இன்னும் அதோடு இருக்கின்றனவா என்பதை வைத்துத்தான் விலை.

முதலில் பாதுகாப்பு

மேகசினை (தோட்டாக்கள் அடைக்கும் பெட்டி) கழற்றுங்கள். ஸ்லைடை (மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) பின்னால் இழுத்து நிறுத்தி, சேம்பரில் (சுடுவதற்குத் தோட்டா ஏறி உட்காரும் அறை) தோட்டா இல்லை என்று கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலை விட்டும் பாருங்கள். இந்த வரிசை மாறக்கூடாது. மேகசின் உள்ளே இருக்கும்போது ஸ்லைடை இழுத்துவிட்டால் அடுத்த தோட்டா சேம்பருக்குள் ஏறிவிடும்.

அடுத்தது, எதையும் துடைத்துப் பளபளப்பாக்காதீர்கள். உலோக பாலிஷ், கம்பி நார், புதுப் பூச்சு எதுவுமே வேண்டாம். மெல்லிய எண்ணெய் தொட்ட துணி போதும். நூறு வருஷமாகத் தங்கிய பூச்சு ஒரு மாலையில் போய்விட்டால் திரும்ப வராது. சேகரிப்பாளர் தரும் விலையில் பெரும்பகுதியும் அதோடு போய்விடும்.

சீரியல் எண்ணைப் படிப்பது

ஃப்ரேமின் வலது பக்கத்தில் எண் இருக்கும். அது சுரண்டப்பட்டிருந்தால் வாங்கவே வேண்டாம். அமெரிக்கச் சட்டப்படி அப்படிப்பட்டதை வைத்திருப்பதே குற்றம். எண் 7 லட்சத்துக்குக் கீழே என்றால் முதல் உலகப்போர்க் காலத்துப் பழைய எம்1911. 1924-ல் 700001-இலிருந்து திருத்தப்பட்ட வடிவம் தொடங்குகிறது; அதுதான் பின்னாளில் எம்1911ஏ1 ஆனது.

புதியவர்கள் பலர் சறுக்கும் இடம் ஸ்லைடின் இடது பக்கம். அங்கே பலவற்றில் 1897, 1902, 1905, 1911, 1913 என்று வரிசையாகத் தேதிகள் இருக்கும். அவை காப்புரிமைத் தேதிகள். தயாரிப்பு ஆண்டோடு அவற்றுக்குத் தொடர்பில்லை. 1918-ல் செய்த துப்பாக்கியிலும் 1911 பிப்ரவரி 14 என்ற தேதி இருக்கும்.

எண் வரிசையும் கால வரிசையும் எப்போதும் ஒத்துப்போகாது. இரண்டாம் உலகப்போரில் தொழிற்சாலைகளுக்கு எண்களை முன்கூட்டியே தொகுதி தொகுதியாகப் பிரித்துக் கொடுத்தார்கள். ரயில்வே சிக்னல் செய்துகொண்டிருந்த யூனியன் ஸ்விட்ச் அண்ட் சிக்னலுக்கு 1041405 முதல் 1096404 வரை, அதாவது 55,000. தையல் இயந்திர சிங்கருக்கு எஸ்800001-இலிருந்து வெறும் 500. தட்டச்சு இயந்திரங்களுக்குப் பேர்போன ரெமிங்டன் ராண்ட்தான் எல்லாரையும்விட அதிகம் செய்தது. அதனால் எண்ணை அட்டவணையில் தேடும்போது தொழிற்சாலைப் பெயரையும் சேர்த்தே பாருங்கள்.

உடலமைப்பு எண்ணோடு ஒத்துப்போகிறதா?

பழைய எம்1911-இல் விசை நீளமாக இருக்கும், கைப்பிடியின் பின்புறத் தகடு தட்டையாக இருக்கும். ஏ1-இல் விசை குட்டை, பின்தகடு வளைந்திருக்கும், விசைக்குப் பின்னால் ஃப்ரேமில் விரல் படிய இருபுறமும் குழிவு வெட்டியிருப்பார்கள். பழையதன் கைப்பிடி வால்நட் மரம், திருகைச் சுற்றி வைர வடிவம். போர்க்கால ஏ1-இல் பழுப்பு பிளாஸ்டிக். பூச்சும் வேறு: முதல் உலகப்போரில் நீலப் பூச்சு, இரண்டாவதில் பெரும்பாலும் பார்க்கரைசிங் எனும் மினுக்கமில்லாத சாம்பல் பூச்சு. 1917-ஆம் ஆண்டு எண்ணுள்ள ஃப்ரேமில் பார்க்கரைசிங் இருந்தால், பின்னாளில் ராணுவக் கிடங்கில் பழுதுபார்த்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

முத்திரைகள்

எனக்கு இந்த வேலையிலேயே பிடித்த பகுதி இது. ஒரு பூதக்கண்ணாடி போதும். ஃப்ரேமின் இடது பக்கத்தில் ராணுவ ஆய்வாளரின் பெயரெழுத்துகள் இருக்கும். ரெமிங்டன் ராண்ட் அல்லது இதாக்கா (இதுவும் போர்க்காலத் தயாரிப்பாளர்தான்) என்றால் எஃப்.ஜே.ஏ.; யூனியன் ஸ்விட்ச் என்றால் ஆர்.சி.டி.; போரின் பிற்பகுதியில் கோல்ட் நிறுவனம் செய்தது என்றால் ஜி.எச்.டி. ரெமிங்டன் ராண்ட் ஃப்ரேமில் வேறு தொழிற்சாலைக்குரிய எழுத்து இருந்தால் அங்கேயே நின்று யோசியுங்கள்.

அதே பக்கத்தில் ஏ.ஏ. என்றோ ஆர்.ஐ.ஏ. என்றோ தனியே அடித்திருந்தால், அகஸ்டா அல்லது ராக் ஐலண்ட் ஆயுதக்கிடங்கில் மறுசீரமைக்கப்பட்டது. இதில் மோசடி ஏதும் இல்லை. ராணுவமே பல துப்பாக்கிகளைப் பிரித்து, பாகங்களைக் கலந்து மீண்டும் பூட்டியது. நேர்மையான போர்ச் சரித்திரம்தான், ஆனால் விலை குறையும்.

இனி ஸ்லைடும் பேரலும் (குழல்). ஸ்லைடில் 7790314 என்ற ஏழு இலக்க எண் இருந்தால் அது பின்னாளில் வந்த மாற்று ஸ்லைடு. பேரலில் 7791193 இருந்தாலும் அப்படியே. துப்பாக்கியைப் பிரித்தால் பேரலின் அடிப்பகுதியில் தயாரிப்பாளர் குறி தெரியும்: எச்.எஸ். என்றால் ஹை ஸ்டாண்டர்ட், எஃப் என்றால் ஃப்ளானரி. ரெமிங்டன் ராண்டில் இவை இரண்டும் இயல்பு. எழுத்துகளின் ஓரம் மழுங்கி, ஆழம் குறைந்திருந்தால், யாரோ உரசித் தேய்த்துப் புதுப் பூச்சு போட்டிருக்கிறார்கள்.

விலைக்கு வருவோம்

இணையத்தில் விற்பவர் கேட்கும் விலையை நம்பாதீர்கள். விற்று முடிந்த ஏலங்களின் தொகையைப் பாருங்கள். அதுவும் அதே தொழிற்சாலை, அதே நிலை, அதே அளவு அசல் பாகங்கள் கொண்டதோடு ஒப்பிடுங்கள். சிங்கர் துப்பாக்கி ஒரு லட்சம் டாலரைத் தாண்டியும் ஏலம் போயிருக்கிறது. அதனாலேயே போலி சிங்கர்கள் உண்டு. வல்லுநர் ஒருவர் நேரில் பார்க்காமல் அதற்குப் பணம் கொடுக்க வேண்டாம். ரெமிங்டன் ராண்ட் ஏராளம் என்பதால் அதில் நிலைதான் எல்லாம்.

காகிதங்களுக்கும் மதிப்புண்டு. கோல்ட் தயாரிப்பு என்றால், கட்டணம் செலுத்தி அந்நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்திலிருந்து கடிதம் பெறலாம். அந்த எண் எந்தத் தேதியில் எங்கே அனுப்பப்பட்டது என்று அதில் இருக்கும். துப்பாக்கி உறையோ, பழைய ரசீதோ, பெயர் எழுதிய ராணுவப் படிவமோ கூடவே வந்திருந்தால் தனித்தனியே விற்றுவிடாதீர்கள். அமெரிக்காவில் வெளிமாநிலத்தவருக்கு விற்பதென்றால் உரிமம் பெற்ற வியாபாரி வழியாக மாற்றுங்கள். விலை பேசுவதற்கு முன்பே அவரிடம் கட்டணம் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.