தொழிலை மூடிய பிறகு தலையில் நிற்கும் கடன்: எங்கே தொடங்குவது, யாருக்கு முதலில் கொடுப்பது

தொழில் நின்ற மறுநாளும் வட்டி நிற்பதில்லை. போன் ஓயாமல் அடிக்கும் அந்த நாட்களில் பலர், யார் அதிகம் சத்தம் போடுகிறாரோ அவருக்கு முதலில் கொடுத்துவிடுகிறார்கள். மிச்சமிருந்த பணம் அப்படியே கரைந்துபோகிறது. சத்தம் போடாத கடன்தான் பல நேரம் வீட்டைக் கொண்டுபோகும். அதனால் யாருக்கும் ஒரு தொகையை ஒப்புக்கொள்வதற்கு முன் முதல் மூன்று படிகளையும் முடித்துவிடுங்கள்.

படி 1: எந்தக் கடன் உண்மையில் உங்களுடையது?

ஒரே ஆள் நடத்திய, கம்பெனியாகப் பதிவு செய்யாத தொழில் என்றால் தொழில் கடனும் உங்கள் கடனும் ஒன்றுதான். கூட்டுத் தொழிலில் பொதுவாக மொத்தக் கடனையும் எந்த ஒரு கூட்டாளியிடமும் கேட்கலாம். "என் பங்கு பாதிதான்" என்பது கூட்டாளிகளுக்குள் செல்லும். கடன் கொடுத்தவரிடம் செல்லாது. லிமிடெட் கம்பெனி என்றால் கடன் கம்பெனியோடு நிற்க வேண்டும். ஆனால் சிறு கம்பெனிகளுக்குக் கடன் கொடுக்கும்போது உரிமையாளரின் சொந்த ஜாமீன் கையெழுத்தையும் வாங்கிக்கொள்வது வழக்கம். கடன் பத்திரத்தின் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள், அந்தக் கையெழுத்து அங்கே இருக்கலாம். ஊழியர் சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்ட வரியும் பல நாடுகளில் இயக்குநரின் சொந்தப் பொறுப்பாகவே வரும்.

படி 2: புதிதாக ஏறுவதை நிறுத்துங்கள்

வரிப் பதிவையும் உரிமங்களையும் முறைப்படி ரத்து செய்யுங்கள். வியாபாரமே இல்லாவிட்டாலும், பதிவு உயிரோடு இருக்கும்வரை கணக்குத் தாக்கல் செய்யாததற்கு அபராதம் ஏறலாம். வாடகை ஒப்பந்தம், இணைய இணைப்பு, மென்பொருள் சந்தா, ஆட்டோ டெபிட் எல்லாவற்றையும் எழுத்தில் முடித்துவையுங்கள். வரப்போகும் தேதியைப் போட்டுக் கொடுத்த காசோலை யாரிடம் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு திரும்பக் கேளுங்கள்.

வங்கிக் கணக்கில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கடன் வாங்கிய வங்கியிலேயே உங்கள் சேமிப்புக் கணக்கும் இருந்தால், தவணை தவறும்போது அந்தப் பணத்தைக் கடனில் வரவு வைத்துக்கொள்ளும் உரிமை பல இடங்களில் வங்கிக்கு உண்டு. வீட்டுச் செலவுக்கான வருமானம், கடன் இல்லாத வேறொரு வங்கிக்கு வரட்டும்.

படி 3: ஒரே தாளில் முழுக் கணக்கு

ஒவ்வொரு கடனுக்கும் ஒரு வரி போதும். கொடுத்தவர், இன்றைய நிலுவை, வட்டி, அடமானம், ஜாமீன் போட்டவர், கடைசியாகக் கட்டிய தேதி ஆகியவை அதில் இருக்கட்டும். நிலுவையை நினைவிலிருந்து எழுத வேண்டாம், கணக்கு விவரம் கேட்டு வாங்குங்கள்.

வட்டியை ஆண்டு வட்டியாக மாற்றி எழுதுவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மாதம் 3 சதவீதம் என்பது கூட்டு வட்டியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 42.6 சதவீதம். முழு அசலுக்கும் கடைசிவரை கணக்கிடும் நிலை வட்டியில் 10 சதவீதம், 3 ஆண்டுக் கடன் என்றால், குறையும் அசல் கணக்கில் அது கிட்டத்தட்ட 18 சதவீதம். வட்டியை முன்கூட்டியே கழித்துக் கொடுத்திருந்தால், உங்கள் கைக்கு வந்த தொகையை அசலாக வைத்துக் கணக்குப் போடுங்கள்.

படி 4: வரவேண்டியதை வசூலியுங்கள், விற்கக்கூடியதை விற்றுவிடுங்கள்

முதலில் வாடிக்கையாளர் பாக்கி. தொழில் மூடிய செய்தி பரவப் பரவ, கொடுப்பவர்கள் கை இறுகும். மூடிய முதல் வாரமே பில் நகலோடு கேளுங்கள். சரக்கையும் கருவிகளையும் அதே தொழிலில் இருப்பவர்களுக்கு விற்றால் நல்ல விலை கிடைக்கும், பழைய சாமான் வாங்குபவரிடம் கடைசியாகப் போகலாம். கடனுக்கு ஈடாக எழுதிக்கொடுத்த இயந்திரத்தைக் கடன் கொடுத்தவரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் விற்காதீர்கள். அது குற்ற வழக்காகவும் மாறலாம். சொத்தை உறவினர் பெயருக்கு மாற்றுவதும் வேண்டாம். கடன் கொடுத்தவரை ஏமாற்றச் செய்த மாற்றம் என்று தெரிந்தால் நீதிமன்றம் அதை ரத்து செய்யலாம்.

படி 5: மாதத் தொகையைப் பிரிப்பது

வருமானம் ஏறி இறங்கினால், கடந்த மூன்று மாதங்களில் மிகக் குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உணவு, வாடகை, மருந்து, பள்ளிக் கட்டணம் போக மீதிதான் கடனுக்கு. ஒரு மாதச் செலவுக்கான பணம் கையில் சேரும்வரை எந்தக் கடனுக்கும் கூடுதலாகக் கட்ட வேண்டாம். அது இல்லாவிட்டால் ஒரு காய்ச்சல் வந்தாலே மறுபடியும் கடன்தான்.

இப்போது ஓர் உதாரணம். மாதம் 12,000 ஒதுக்க முடிகிறது. கடன்கள் நான்கு: கிரெடிட் கார்டு 1,00,000 (மாதம் 3 சதவீதம்), இயந்திரக் கடன் 2,00,000 (ஆண்டுக்கு 12 சதவீதம், தவணை 3,500), சரக்கு கொடுத்தவருக்கு 60,000, உறவினருக்கு 1,50,000. கடைசி இரண்டுக்கும் வட்டி இல்லை.

எல்லோருக்கும் நியாயமாக இருக்கட்டும் என்று ஆளுக்கு 3,000 கொடுத்தால், கார்டின் மாத வட்டியே 3,000. எத்தனை வருஷம் கட்டினாலும் அந்த ஒரு லட்சம் அசையாது. இயந்திரத் தவணையிலும் மாதம் 500 குறையும், அபராதம் சேரும்.

மாற்றிப் பிரியுங்கள். தவணை 3,500, சரக்குக்காரருக்கு 1,500, உறவினருக்கு 500, மிச்சம் 6,500 கார்டுக்கு. கார்டைப் புதிதாகத் தேய்க்காமல் இருந்தால் 21 மாதத்தில் அது முடியும். அதற்குள் சரக்குக்காரர் பாக்கி 28,500-ஆக இறங்கியிருக்கும். விடுபட்ட 6,500-ஐயும் அங்கே திருப்பினால் இன்னும் 4 மாதத்தில் அதுவும் தீரும்.

வட்டியை விட முந்தி வரும் கடன்கள் சில உண்டு: குடியிருக்கும் வீட்டின் மேல் உள்ளது, வேறொருவர் ஜாமீன் போட்டது, ஊழியர் சம்பளம், வரி. இவற்றில் தவறினால் விளைவு வட்டியோடு நிற்காது. சம்பள பாக்கியை முடிந்தவரை முதல் மாதமே தீர்த்துவிடுங்கள். அவர்களுக்கும் அந்த மாத வாடகை இருக்கிறது.

படி 6: நீங்களே முதலில் பேசுங்கள்

தவணை தவறுவதற்கு முன் கேட்டால் கிடைக்கும் சலுகை, மூன்று தவணை தவறிய பிறகு கிடைப்பது கடினம். கடிதம் அரைப் பக்கம் போதும். தொழில் மூடிய தேதி, இப்போதைய வருமானம், மாதம் எவ்வளவு கட்ட முடியும், எந்தத் தேதியிலிருந்து என்பதை எழுதுங்கள். வட்டிக் குறைப்பு, தவணைக் காலம் நீட்டிப்பு, அபராத வட்டித் தள்ளுபடி என மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். சில மாதம் தவணையை நிறுத்திவைக்கச் சொன்னால், அந்த மாதங்களுக்கு வட்டி ஓடுமா என்றும் கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் ஓடும்.

பேச்சு நடக்கும்போது வெற்றுத் தாளிலோ தொகை எழுதாத காசோலையிலோ கையெழுத்துப் போடாதீர்கள். பல ஆண்டுகளாகக் கிடக்கும் பழைய கடனுக்கு ஒரு சிறு தொகை கட்டினாலோ எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ, வழக்குத் தொடரும் காலக்கெடு பல நாடுகளில் புதிதாகத் தொடங்கும். அத்தகைய கடனில் வக்கீலைக் கேட்காமல் எதையும் செய்ய வேண்டாம். கார்டுக் கடனை அடைக்க வீட்டை அடகு வைத்துக் கடன் வாங்கச் சொன்னால், வட்டி குறைவாகத் தெரிந்தாலும் பெரும்பாலானோர் மறுப்பதே நல்லது. அதுவரை வீடு பாதுகாப்பாக இருந்தது.

படி 7: குறைத்து முடிக்கும் ஒப்பந்தம்

மொத்தமாகக் கொஞ்சம் பணம் புரண்டால், நிலுவையை விடக் குறைவாகக் கொடுத்து முடிக்கப் பேசலாம். பணம் போகும் முன் கடிதம் வர வேண்டும். கணக்கு எண், தொகை, கடைசித் தேதி, இதோடு கடன் முழுமையாகத் தீர்ந்தது என்ற வாக்கியம், அடமானப் பத்திரம் திரும்பும் தேதி, ஜாமீன்தாரர் விடுவிப்பு எல்லாம் அதில் இருக்கட்டும். வாய்வார்த்தையை நம்பிக் கட்டினால், பிறகு வரும் அதிகாரி அதைப் பகுதித் தொகையாகவே எடுத்துக்கொள்வார். வங்கி வழியாகவே அனுப்புங்கள், முடிந்ததும் நிலுவை இல்லைச் சான்றிதழ் வாங்குங்கள். கடன் வரலாற்றில் 'முழுமையாகக் கட்டியது' என்பதற்குப் பதில் 'குறைத்து முடித்தது' என்று பதிவாகலாம், அடுத்த கடனுக்கு அது தடையாக வரும். வரலாற்று அறிக்கையை இரண்டு மாதம் கழித்து எடுத்துச் சரிபாருங்கள்.

எந்தக் கணக்கும் ஒத்துவராதபோது

வீட்டுச் செலவு போக மிஞ்சுவது வட்டிக்கே போதாது, விற்கவும் ஒன்றுமில்லை என்றால், திவால் மனு பற்றி வக்கீலிடம் கேளுங்கள். அதில் வெட்கப்பட எதுவுமில்லை, இந்த நிலைக்காகவே சட்டம் வைத்திருக்கும் வழி அது. ஆனால் எல்லாக் கடனும் அதில் நீங்காது; ஜீவனாம்சம், நீதிமன்ற அபராதம் போன்றவை பொதுவாகத் தொடரும். மனுவுக்குச் சற்று முன் உறவினர் ஒருவருக்கு மட்டும் முழுதாகக் கொடுத்திருந்தால் அதைத் திரும்பக் கேட்கவும் இடமுண்டு. இடையில் நீதிமன்ற அறிவிப்பு எது வந்தாலும் பிரித்துப் படித்து, குறித்த தேதிக்குள் பதில் போடுங்கள். ஆஜராகாவிட்டால் எதிர்த்தரப்பு சொல்லும் தொகைக்கே தீர்ப்பாகிவிடலாம், அந்தத் தொகை தவறாக இருந்தாலும்.