‘பயமே வரலண்ணே’: பேய் நாவலுக்குக் கருத்துச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரை ஒத்தக்கடையில் நண்பர் ஒருவரின் மொட்டைமாடியில் மாதம் ஒரு ஞாயிறு சாயங்காலம் ஒன்பது பத்துப் பேர் கூடிப் புத்தகம் பேசுகிறோம். எதிரே யானைமலை படுத்திருக்கும். முதலில் வடையும் பருத்திப்பாலும், அப்புறம்தான் புத்தகம். குடும்ப நாவல், சிறுகதைத் தொகுப்பு என்று எதை எடுத்தாலும் பேச்சு ஓரளவு ஒழுங்காகவே போகும். பேயும் சூனியமும் வருகிற நாவலை எடுத்தால் மட்டும் அரை மணி நேரத்தில் மாடி, பேயோட்டும் கோடாங்கி வீட்டுத் திண்ணையாகிவிடும். போன சில மாதங்களாக அந்த வகை நாவல்கள்தான். நாங்கள் செய்த தவறுகளைச் சொல்கிறேன். பாதிக்கு மேல் நான் செய்தவை.

முதலில் எல்லோர் வாயிலும் வருவது பயம்தான். “பயமே வரலண்ணே” என்றார் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன். நர்சிங் படிக்கும் பெண்ணோ, “ரெண்டு நாள் பாத்ரூம் லைட்டை அணைக்கவே இல்ல” என்றாள். விசாரித்தால், அவர் மத்தியானம் மிஷின் சத்தத்துக்கு நடுவே வாசித்திருக்கிறார்; அவள் விடுதியில் இரவு ஒரு மணிக்கு. இரண்டு பேருமே தாங்கள் வாசித்த இடத்தைத்தான் சொன்னார்கள், புத்தகத்தை அல்ல. பயந்தேன், பயப்படவில்லை என்பதோடு நிறுத்திக்கொண்டால் கேட்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. எந்தப் பக்கத்தில் மனசு கலங்க ஆரம்பித்தது, அங்கே என்ன நடந்தது என்று சொன்னால்தான் உபயோகம். வில்லியம் பீட்டர் பிளாட்டி 1971-இல் எழுதிய ‘தி எக்ஸார்சிஸ்ட்’ நாவலில் முதலில் வருவது பிசாசு அல்ல, மேற்கூரைக்குள் கேட்கும் ஒரு சத்தம். வீட்டம்மா எலி என்று நினைக்கிறாள், பொறி வைக்கச் சொல்கிறாள். எலிப்பொறி வைக்காத வீடு உண்டா? நமக்குத் தெரிந்த ஒரு தொல்லையிலிருந்து கிளம்புவதால்தான் அந்தப் பயம் ஒட்டிக்கொள்கிறது. இதைச் சொன்னால் அது கருத்து.

இன்னொன்று, பேய் வருகிற கதையெல்லாம் பயமுறுத்தத்தான் எழுதப்பட்டது என்றும் இல்லை. கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்தில் கூழ் காய்ச்சிக் குடிக்கின்றன. பசியில் அவை புலம்புவதையும் ஒன்றையொன்று பந்திக்குக் கூப்பிடுவதையும் வாசித்துவிட்டு “பயமாயில்லை” என்று ஜெயங்கொண்டாருக்கு மார்க் குறைக்க முடியுமா?

அடுத்த தவறு எனக்குச் சொந்தமானது. “இதெல்லாம் நிஜமா நடக்குமா?” என்று யாராவது கிளப்பிவிட்டால் போதும், ஆளுக்கொரு கதை வைத்திருப்போம். உசிலம்பட்டி மாமா, சோழவந்தான் அத்தை, ராத்திரி வண்டி நின்றுபோன வைகைக் கரை. அன்றைக்கு நானே இருபது நிமிடம் எடுத்துக்கொண்டேன். ஏழு வயதில் புளியமரத்தடியில் விளையாடிவிட்டு வந்து எனக்குக் காய்ச்சல். அப்பத்தா திருநீறு மந்திரித்துக் கறுப்புக் கயிறு கட்டினாள். அதே சாயங்காலம் அப்பா ஊசி போட்டுக் கூட்டிவந்தார். மறுநாள் காய்ச்சல் விட்டது. விட்டது கயிற்றாலா ஊசியாலா என்று எங்கள் வீட்டில் இன்றுவரை தகராறு. நல்ல கதைதான். ஆனால் நான் முடிக்கும்போது நாவலை எல்லோரும் மறந்துபோயிருந்தார்கள்.

பேய் உண்டா இல்லையா என்று முடிவு கட்டிக்கொண்டு உட்காருவதில் வேறு ஒரு நஷ்டமும் இருக்கிறது. பிளாட்டியின் நாவலில் வரும் பாதிரியார் கராஸ் மனநல மருத்துவரும்கூட. பிசாசு பிடித்ததாகச் சொல்லப்படும் சிறுமியின் மேல் குழாய்த் தண்ணீரைத் தெளித்துவிட்டுப் புனித நீர் என்று சொல்கிறார். அவள் துடிக்கிறாள். அப்படியானால் இது நோய்தானோ என்ற சந்தேகம் அவருக்கு வலுக்கிறது. நாவல் வெகுதூரம் வரை கயிற்றையும் ஊசியையும் சேர்த்தே பிடித்துக்கொண்டு நடக்கிறது. “பேயாவது பிசாசாவது” என்று வருபவருக்கும், “எல்லாம் உண்மை, எங்க ஊர்லயே பார்த்திருக்கேன்” என்று வருபவருக்கும் அதில் பாதிப் புத்தகம்தான் கிடைக்கும்.

எல்லாவற்றையும் ‘பேய்’ என்ற ஒரே மூட்டையில் கட்டுவதுதான் எங்கள் மாடியில் அதிகக் குழப்பம் செய்தது. ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவர் வருவார், எல்லோருக்கும் அவர் டீச்சர். அவரே ‘தி எக்ஸார்சிஸ்ட்’ நாவலைப் பற்றி, “கடைசிவரைக்கும் அந்தப் பேயோட முன்கதையைச் சொல்லவே இல்லையே, யாரு செத்தது?” என்று குறைப்பட்டுக்கொண்டார். நம் ஊர்ப் பேய் செத்துப்போன ஒரு ஆள். ஆசை அடங்காமல், ஆயுசு முடியாமல் போனவர். அதனால்தான் கோடாங்கி உடுக்கை அடித்து, “நீ யாரு, எந்த ஊரு, எங்க வச்சுப் பிடிச்ச, என்ன வேணும்?” என்று கேட்கிறார். அது கோழி கேட்கும், சுருட்டு கேட்கும், பேரம் நடக்கும். கடைசியில் முடியை முடிந்து புளியமரத்தில் ஆணி அடித்தால் கணக்கு முடிந்தது. பிளாட்டியின் நாவலில் இருப்பது கத்தோலிக்கக் கிறித்தவர்கள் நம்பும் பிசாசு. அது எந்தக் காலத்திலும் மனிதனாக இருந்ததில்லை. அதற்கு நிறைவேறாத ஆசை என்று ஒன்று கிடையாது, பேரத்துக்கும் படியாது. கட்டளையிட்டு விரட்டுவதுதான் அங்கே சடங்கு. அதனிடம் போய் முன்கதை கேட்டால் எங்கிருந்து வரும்? டீச்சரிடம் இதைச் சொன்னேன். “சரி, அப்ப எழுதினவன் மேல தப்பில்ல, நான்தான் தப்பான ஆளை விசாரிச்சிருக்கேன்” என்று சிரித்தார்.

இந்த மூட்டைக்குள் முனியும் கருப்பும்கூடப் போய் விழுந்துவிடுகிறார்கள். மொழிபெயர்ப்புகளில் இது அடிக்கடி நடக்கிறது. மீசையும் அரிவாளும் உருட்டிய கண்ணுமாக நிற்பவரை வெளியூர்க்காரர் பார்த்தால் பிசாசு என்றுதான் எழுதுவார். நமக்கு அவர் எல்லைக் காவல். மேலமடைப் பாண்டி முனியை வேண்டிப் பிறந்த பிள்ளைக்குப் பாண்டி என்று பெயர் வைக்கிறோம். திருமங்கலம் பக்கத்து வடக்கம்பட்டி முனியாண்டியின் பெயரில் ஊர் ஊராக ஹோட்டல் திறந்து பிரியாணி போடுகிறோம். பிசாசின் பெயரில் யாராவது பிரியாணிக் கடை வைப்பார்களா? வேடிக்கை என்னவென்றால், ‘தி எக்ஸார்சிஸ்ட்’ நாவலின் தொடக்கத்தில் இராக் அகழ்வாய்வில் தலைகாட்டும் பசூசு என்ற பூதமும் இப்படிப்பட்ட ஆள்தான். பழைய மெசொப்பொத்தேமியாவில் கர்ப்பிணிகளையும் பச்சைக் குழந்தைகளையும் தாக்க வருகிற லமாஷ்டு என்ற பெண் பூதத்தை விரட்ட, பசூசுவின் தலையைத் தாயத்தாக அணிந்தார்கள். கோர முகம், ஆனால் வேலை காவல். மதுரைக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆகவே ஒரு நாவலைப் பேசுமுன் அதில் வருவது செத்தவரின் ஆவியா, ஏவிவிட்ட குட்டிச்சாத்தானா, காவல் தெய்வமா, வேற்று மதத்தின் சாத்தானா என்று பிரித்துக்கொண்டால் பாதிச் சண்டை குறையும்.

மந்திரவாதத்துக்கு வருவோம். லேத் அண்ணன் ஒருநாள் பழைய புத்தகம் ஒன்றைக் கையோடு கொண்டுவந்தார். மீனாட்சியம்மன் கோயில் எதிரே புதுமண்டபத்தில் கடைகள் இருந்த காலத்தில், ஜோசியப் புத்தகங்களுக்கும் பெரிய எழுத்துக் கதைகளுக்கும் நடுவே வாங்கியதாம். வசியம், மோகனம், தம்பனம், உச்சாடனம், ஆகர்ஷணம், பேதனம், வித்துவேஷணம், மாரணம் என்று மந்திரவாதத்தின் எட்டு வகையையும் வாசித்துக்காட்டிவிட்டு, “இந்த நாவல்ல ஆளைக் கொல்லுற மாரணத்துக்குச் செய்யுறதை ஆளை மயக்குற வசியத்துக்குச் செய்யுறான், எழுதினவருக்கு விஷயம் தெரியல” என்றார். நாவலாசிரியர் நமக்குச் சூனியம் வைக்கச் சொல்லித்தரவில்லையே அண்ணே! அவருடைய மந்திரம் அந்தப் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதில் பயனில்லை. அவர் போட்ட கட்டுக்குள் அவரே நிற்கிறாரா என்று பாருங்கள்.

கட்டு என்பது மந்திரவாதிகள் சொல்லும் வார்த்தைதான். திசைக்கட்டு, எல்லைக்கட்டு, வாய்க்கட்டு என்பார்கள். நல்ல மாந்திரீகக் கதைக்கும் ஒரு கட்டு உண்டு. இதைச் செய்தால் இது நடக்கும், அதற்கு இன்ன விலை, இன்ன இடத்தில் அது பலிக்காது. அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். மலையாள தேசத்திலிருந்து பதினெட்டு மந்திரவாதிகள் அழகரின் சக்தியைக் கவர்ந்துபோக வருகிறார்கள். மை இட்டிருப்பதால் யார் கண்ணுக்கும் தெரியமாட்டார்கள். அவர்களைக் கண்டுபிடிக்க ஒருவர் சூடான பொங்கலை வைக்கிறார். ஆவி பட்டு மை கரைகிறது, பதினெட்டுப் பேரும் பிடிபடுகிறார்கள். அவர்களைப் புதைத்துப் படி கட்டினார்கள் என்றும், கூட வந்த கருப்பு அழகரின் அழகில் மயங்கி அங்கேயே காவலாக நின்றுவிட்டார் என்றும் சொல்வார்கள். இன்றைக்கும் சந்தனம் பூசிய அந்த மூடிய கதவுதான் கருப்பு. அதன் முன்னால் பொய்ச் சத்தியம் செய்ய ஆள் யோசிப்பான். இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது பொங்கல்தான். மந்திரத்தை இன்னொரு பெரிய மந்திரம் வந்து முறிக்கவில்லை. மை என்றால் ஈரம் பட்டால் கரையும், அவ்வளவுதான். முதலில் சொன்னது கடைசியில் வேலை செய்கிறது.

நாங்கள் வாசித்த ஒரு நாவலில் இருநூறு பக்கம் யாராலும் அசைக்க முடியாத ஏவல், கடைசி அத்தியாயத்தில் திடீரென்று முளைத்த ஒரு சாமியார் கையசைத்ததும் ஓடிவிட்டது. “சப்புன்னு முடிச்சிட்டார்” என்றே எல்லோரும் சொன்னோம். ஏன் சப்பென்று இருந்தது என்று யாரும் சொல்லவில்லை. கட்டு அறுந்துபோனது, அதனால்தான்.

சினிமாவோடு ஒப்பிடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘தி எக்ஸார்சிஸ்ட்’ நாவலிலிருந்து 1973-இல் வந்த படத்தைப் பார்த்துவிட்டு நாவலுக்குக் கருத்துச் சொன்னவர் எங்கள் மாடியிலும் ஒருவர் இருந்தார், குழாய்த் தண்ணீர் பற்றிக் கேட்டதும் மாட்டிக்கொண்டார்... அப்படித்தான் சொல்ல ஆசை, ஆனால் அந்தக் காட்சி படத்திலும் இருப்பதால் தப்பித்துவிட்டார். எலிப்பொறி பற்றிக் கேட்டோம், அதுவும் படத்தில் இருக்கிறது. கெட்டிக்காரர். முடிவைப் போட்டு உடைப்பது அதைவிடப் பெரிய பாவம். எங்களிடம் அதற்கு அபராதம் உண்டு, அடுத்த மாத வடைச் செலவு.

‘இதெல்லாம் இலக்கியமா?’ என்று முகம் சுளிப்பவர்களிடம் நான் முன்பு சண்டை போடுவேன். இப்போது மணிமேகலையை எடுத்துக் கையில் கொடுத்துவிடுகிறேன். சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில் சார்ங்கலன் என்ற சிறுவன் தனியாகச் சுடுகாட்டுப் பக்கம் வந்துவிடுகிறான். அங்கே ஒரு பேய் தலை ஒன்றைக் கையில் ஏந்திக் கூத்தாடுவதைப் பார்க்கிறான். அது அவனைத் தொடவில்லை. பயத்திலேயே ஓடிவந்து தாயிடம் சொல்லிவிட்டு உயிரை விடுகிறான். கண் தெரியாத தாய் கோதமை, பிள்ளையின் உடலைத் தூக்கிக்கொண்டு சம்பாபதித் தெய்வத்திடம் நியாயம் கேட்கப் போகிறாள். தெய்வம் வருகிறது, ஆனால் உயிரைத் திருப்பித்தர முடியாது என்கிறது. அந்தப் பேயைவிட அந்தப் பதில் எனக்குத் திகிலாக இருக்கிறது.

கடைசியாக ஒன்று. இதை நாங்கள் யாருமே கவனிக்கவில்லை, டீச்சர்தான் பிடித்தார். நாவலில் மந்திரவாதி யார் என்று பார்க்கிறோமே, அவனை மந்திரவாதி என்று சொல்வது யார் என்று பார்ப்பதில்லை. மாடியில் உட்கார்ந்தபடியே எதிரே கையைக் காட்டினார். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில், மதுரையை அழிக்கச் சமணர்கள் வேள்வி செய்து ஒரு யானையை எழுப்பி அனுப்புகிறார்கள். சிவன் அம்பெய்து வீழ்த்த, அது மலையாகக் கிடக்கிறது. அதுதான் இந்த யானைமலை. நாகம் விழுந்தது நாகமலை, மாயப்பசு விழுந்தது பசுமலை. ஊரைச் சுற்றி மூன்று பக்கமும் சூனியம் பலிக்காமல் செத்து விழுந்த மிருகங்கள்! “கதை நல்லாத்தான் இருக்கு,” என்றார் டீச்சர். “ஆனா இதே மலையில சமண முனிவருங்க கற்படுக்கை இருக்கு, தீர்த்தங்கரர் சிற்பம் இருக்கு. எறும்பை மிதிக்காம நடக்கணும்னு சொன்னவங்க. அவங்க ஊரை அழிக்க யானையை ஏவினாங்கன்னு எழுதினது அவங்க இல்ல, அவங்களை எதிர்த்தவங்க.”

அப்புறம்தான் ‘தி எக்ஸார்சிஸ்ட்’ போக நாங்கள் வாசித்த மற்ற மூன்று நாவல்களையும் திரும்ப யோசித்துப் பார்த்தோம். ஒன்றில் சூனியக்காரி தனியாக வாழும் ஒரு விதவை. இன்னொன்றில் ஊருக்கு வெளியே குடிசை போட்டிருக்கும் கிழவர். மூன்றாவதில் மலையாள மாந்திரீகர், அழகர்கோயில் கதையில் வந்தது போலவே. பேய் யாரைப் பிடிக்கிறது என்று பார்த்தால் மூன்றிலுமே கல்யாண வயதுப் பெண். இதற்காக அந்த நாவல்கள் மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. முதல் நாவலில் அந்த விதவையின் பக்கத்து நியாயத்துக்கு நாற்பது பக்கம் ஒதுக்கியிருக்கிறார் ஆசிரியர்; அதைத்தான் நாங்கள் ‘இழுவை’ என்று சொல்லித் தள்ளிவிட்டிருந்தோம்.

நர்சிங் பெண் அதுவரை பேசாமல் இருந்தாள். “எங்க அம்மாவுக்குப் பாலக்காட்டுப் பக்கம்ண்ணே. எங்க அம்மாச்சி சொல்ற பேய்க்கதையில சூனியம் வைக்கிறவன் பாண்டி நாட்டுக்காரன்தான்” என்றாள்.

லேத் அண்ணன் கையிலிருந்த வடையைக் கீழே வைத்தார். “அப்ப நம்மளையா சொல்லுது அந்தக் கிழவி?”

அன்றைக்குத்தான் முதல் தடவையாக இருட்டி வெகுநேரம் வரை நாவலைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தோம்.