தோட்டத்துக்கு ஊழியப் பயணம் போகிறீர்களா? நான் செய்த தவறுகளைச் செய்யாதீர்கள்

போன மாதம் சிங்கப்பூரிலிருந்து மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துக் குளுவாங் பக்கம், ரப்பர், செம்பனைத் தோட்டத் தொழிலாளர்களிடையே ஊழியம் செய்யப் போகும் வழியில், மாச்சாப் நெடுஞ்சாலை ஓய்விடத்தில் வேனை நிறுத்தச் சொன்னேன். பின்னால் இருந்த நாற்பது மளிகைப் பைகளையும் இறக்கி, ஒவ்வொன்றிலும் ஸ்டேப்ளர் அடித்து ஒட்டியிருந்த சுவிசேஷத் துண்டுத்தாளைப் பிய்த்து எடுத்தேன். அதை ஒட்டிய தம்பிக்கு இருபத்திரண்டு வயது, இதுதான் முதல் பயணம், ராத்திரி கண்விழித்து ஆசை ஆசையாகச் செய்திருக்கிறான். முகம் வாடிவிட்டது. "ஏன்க்கா, நல்லதுதானே?" என்றான். நானும் அந்த வயதில் இதைத்தான் செய்தேன், இதைவிட மோசமாகவே செய்தேன். மீதி வழியெல்லாம் அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். பாஸ்போர்ட்டை மறக்காதே, கொசு மருந்து எடுத்துக்கொள் என்பதையெல்லாம் யாரும் சொல்வார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

நம் வசதிக்கு நாள் குறிப்பது

ஜொகூரில் 2014 தொடங்கி 2024 முடியும்வரை வார விடுமுறை வெள்ளியும் சனியும்தான். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் உண்டு. அது தெரியாமல் ஒரு ஞாயிறு காலையில் பாட்டு, பொம்மலாட்டம், வர்ணப் பென்சில் என்று முப்பது பிள்ளைகளுக்கான ஏற்பாட்டோடு போய் இறங்கினேன். பிள்ளைகள் எல்லாரும் தமிழ்ப்பள்ளியில் இருந்தார்கள். 2025 ஜனவரி 1 முதல் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டதால் அந்தச் சிக்கல் இப்போது இல்லை. ஆனால் சிங்கப்பூரின் ஜூன் விடுமுறையும் அங்குள்ள பள்ளி விடுமுறையும் முழுதாக ஒத்துப்போவதில்லை, புதிதாக வருகிறவர்கள் அதை இன்னும் பார்ப்பதில்லை.

நேரமும் அப்படித்தான். பால்மரம் (ரப்பர்) வெட்டிப் பால் எடுக்கிறவர்கள் விடியுமுன்பே காட்டுக்குள் இருப்பார்கள், வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும். செம்பனை (பாமாயில்) தோட்டமென்றால் காலையில் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு, முடிந்து, நீண்ட கழியில் கட்டிய அரிவாளால் ஆண்கள் குலை அறுக்க, பெண்கள் குனிந்து குனிந்து உதிரிப் பழம் பொறுக்கி, வீடு திரும்ப மதியம் தாண்டிவிடும். அப்புறம் குளித்துச் சாப்பிட்டுக் கொஞ்சம் படுப்பார்கள். வீடமைப்புப் பகுதியான தாமானில் குடியேறி ஃபேக்டரியில் ஷிப்ட் பார்க்கிறவர்கள் பகலில் தூங்குவார்கள். காலை பத்து மணிக்கு லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், கதவைத் தட்டி, பாட்டியைத் தவிர யாரும் இல்லையே என்று சோர்ந்துபோகிற குழுக்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஐந்து மணிக்கு மேல் போங்கள். பகல் முழுக்க உள்ளூர்ப் போதகரோடு ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்து அவர் பேசுவதைக் கேட்டாலே போதும், பயணத்தில் உருப்படியான பாதி அதுதான்.

மலாய் மொழித் துண்டுத்தாள்

எடுத்தே போகாதீர்கள். லயங்களில் இப்போது இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள் நிறையப் பேர், பெரும்பாலும் முஸ்லிம்கள். முஸ்லிம்களிடையே வேறு சமயம் பரப்புவதைச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தலாம் என்று மலேசிய அரசியலமைப்பின் 11(4) மாநிலங்களுக்கு இடம் கொடுக்கிறது. நீங்கள் ராத்திரியே பாலம் கடந்து சிங்கப்பூருக்குப் போய்விடுவீர்கள், விசாரணைக்குப் போய் நிற்பது போதகர்.

பாஸ்

சுற்றிப்பார்க்கவோ உறவினரைப் பார்க்கவோ வருகிறவர்களுக்கான நுழைவு அனுமதியில் (பாஸில்) வந்து மேடையேறிப் பிரசங்கிக்காதீர்கள். சமயப் பணிக்கென்று குடிநுழைவுத் துறையில் புரொஃபெஷனல் விசிட் பாஸ் இருக்கிறது, அழைக்கிற சபையை முன்கூட்டியே விசாரிக்கச் சொல்லுங்கள்.

சாமானைக் கொடுத்துக் கை தூக்கச் சொல்வது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

பதினான்கு வருடங்களுக்கு முன் குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்துக்கு அறுபது பைகளோடு போனோம். அரிசி, எண்ணெய், மைலோ சத்துப் பானப் பொடி, சார்டின் டின், பிஸ்கட். கூடத்தில் எல்லாரையும் உட்காரவைத்துப் பாட்டு, பிறகு செய்தி, பிறகு ஜெபம். ஜெபத்தின் முடிவில் "இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கையை உயர்த்துங்கள்" என்று மைக்கில் சொன்னது நான்தான். பைகள் எனக்குப் பின்னால் மேசைமேல் எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி அடுக்கியிருந்தன. நாற்பத்தேழு கைகள். நான் அழுதுவிட்டேன், உண்மையாகவே சந்தோஷத்தில் அழுதேன். சிங்கப்பூர் திரும்பியதும் சபையில் சாட்சி சொன்னேன், நாற்பத்தேழு ஆத்துமாக்கள் என்று படத்தோடு செய்திமடலிலும் வந்தது.

அந்தப் படம் எப்படியோ தோட்டத்துக்கே போய்ச் சேர்ந்தது. இரண்டு வாரம் கழித்து அந்தத் தோட்டத்துப் போதகர் ஐயா போன் செய்தார். கோயில் தலைவர் அவர் வீட்டுக்கே வந்திருக்கிறார், சண்டை போட இல்லை, "உங்கள நம்பித்தானே பாஸ்டர் உள்ளே விட்டோம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். 2010 கணக்கெடுப்பில் மலேசிய இந்தியர்களில் நூற்றுக்கு 86 பேர் இந்துக்கள், 6 பேர்தான் கிறிஸ்தவர்கள். தோட்டத்தில் மாரியம்மன் கோயில்தான் நடு, கல்யாணமும் சாவும் அதைச் சுற்றித்தான் நடக்கும். அங்கே போதகர் ஐயா பதினோரு வருடமாக யாரையும் மாறச் சொல்லாமல், ஆஸ்பத்திரிக்குத் தன் காரில் கூட்டிப்போய், பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகளுக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்து, சாயங்காலம் இலவச டியூஷன் நடத்திக்கொண்டிருந்தார். டியூஷனுக்குப் பதினெட்டுப் பிள்ளைகள் வந்த இடத்தில் மூன்று பேர் ஆனார்கள்.

அடுத்த வருடம் மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். கை தூக்கிய பாட்டி ஒருவர் என்னை உட்காரவைத்துச் சொன்னார்: "பேரனுக்கு மைலோ வேணுமேன்னுதான் தூக்குனேன்மா. அன்னிக்கு ராத்திரி வெளக்கேத்தி மாரியாத்தாகிட்ட மன்னிச்சுருன்னு அழுதேன். சாமானக் குடுக்கறதா இருந்தா சும்மாவே குடுத்திருக்கலாமே." என்னிடம் பதில் இல்லை. பசியோடு இருக்கிற ஒரு தாயைப் பொய் சொல்ல வைத்திருக்கிறேன், அதுவும் ஜெபத்தின் நடுவில். இதைத் தவறு என்று சொல்வதே போதாது, பாவம் என்றுதான் நான் எண்ணுகிறேன்.

டியூஷன் பழையபடி நடக்க மூன்று வருடம் ஆனது. இன்னும் எரிச்சல் வருவது ஏனென்றால், இத்தனைக்கும் பிறகு வருடா வருடம் ஏதாவது ஒரு குழு மேசையில் பைகளை அடுக்கி வைத்துக்கொண்டு கைகளை எண்ணுகிறது. "நாங்கள் யாரையும் கட்டாயப்படுத்தவில்லையே" என்கிறார்கள். நானும் அதையேதான் சொன்னேன்.

கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. சாமானை அங்கே டவுன் கடையிலேயே வாங்குங்கள், போதகரிடம் ஒப்படையுங்கள், எந்த வீட்டில் வேலைக்குப் போகிறவர் படுத்துவிட்டார் என்று அவருக்குத் தெரியும், இருட்டிய பிறகு சத்தமில்லாமல் கொண்டுபோய்க் கொடுப்பார். முடிந்தால் கோயில் தலைவரையும் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள். பிரசங்கிக்கிற நாளும் கொடுக்கிற நாளும் ஒன்றாக இருக்கவே கூடாது. எண்ணிக்கை கேட்கிற சபையாக இருந்தால், எண்ணிக்கை இல்லை என்று புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள்.

பிள்ளைகளைப் படம் எடுப்பது

வேண்டாம்.

"அடுத்த மாதம் வருகிறேன்"

வரமாட்டீர்கள். ஆறு வயதுப் பிள்ளை நாள் எண்ணும்.

தமிழர்தானே என்ற நினைப்பு

நாம்தான் முதன்முதலாக வெளிச்சம் கொண்டுபோகிறோம் என்று பலருக்கு எண்ணம். இந்த மண்ணில் தமிழ் மெதடிஸ்ட், லூத்தரன், ஆங்கிலிக்கன், கத்தோலிக்க சபைகள் நூறு வருடத்துக்கும் மேலாக இருக்கின்றன, கப்பலேறி வந்த தொழிலாளர்களிலேயே கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். பேச்சும் நம்முடையது மாதிரியே இருக்கும், ஆனால் வேறு. "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டால் நலம் விசாரிப்பதும் அதுதான், அழைப்பும் அதுதான், உடனே வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாது.

போன மாதப் பயணத்தில், அன்றைக்குச் சாயங்காலம் ஏழு மணிக்கு, டியூஷனுக்கு வருகிற ஒரு பையனின் வீட்டில் அப்படித்தான் கேட்டார்கள். தம்பி பாலத்து நெரிசலை நினைத்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "இல்லக்கா, நேரமாச்சு" என்று எழுந்தான். அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். இடியாப்பமும் தேங்காய்ப்பூவும் சீனியும் வந்தன. அந்த அக்கா அவன் அம்மாவைப் பற்றிக் கேட்டார், அம்மா டயாலிசிஸ் போகிறார் என்று அவன் சொன்னான். எங்கள் குழுவில் யாருக்கும் அது தெரியாது. ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள், நாங்கள் அவசரப்படுத்தவில்லை. சிங்கப்பூர் எல்லையில் உட்லண்ட்ஸ் தாண்டும்போது ராத்திரி மணி ஒன்றரை.