இரும்புப் பொடியில் பிளாட்டினம் எப்படி வந்தது?

ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் தருவது எரிபொருள் கலம். அதன் ஆக்சிஜன் மின்முனையில் வினையை வேகப்படுத்த வழக்கமாகப் போடுவது பிளாட்டினம். அதற்குப் பதிலாக டர்பனில் நாங்கள் செய்வது இரும்பு-நைட்ரஜன்-கார்பன் பொடி. நைட்ரஜன் வாயுவில் 900 டிகிரி வரை சுட்டு, அமிலத்தில் கழுவி எடுப்போம். உலகப் பிளாட்டினத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் தென்னாப்பிரிக்க மண்ணிலிருந்துதான் போகிறது. பிறகு எதற்கு இரும்பு என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். விலைதான் காரணம்.

இந்த வகைப் பொடி அமிலத்தில் போகப்போகத் தேயும். அதுதான் இதன் பெரிய குறை. எங்களுடையதோ சோதனை ஓட ஓடத் தேறிக்கொண்டே போனது. கூட வேலை செய்யும் பெண், "அக்கா, இது நல்லதுக்கில்லை" என்றாள். எனக்கும் அதே சந்தேகம்தான்.

சோதனைக் கலத்தில் பொடி பூசிய மின்முனையோடு மின்சுற்றை முடிக்கும் துணை மின்முனையாக இருந்தது பிளாட்டினக் கம்பி. மின்னழுத்தம் ஏறி இறங்கும்போது அது துளித்துளியாக அமிலத்தில் கரையும். கரைந்தது பொடியின் மேல் படியும். கண்ணுக்கே தெரியாத அளவு போதும், பொடி தரும் மின்னோட்டத்தின் வரைகோடு மேலே ஏறிவிடும்.

உறுதிசெய்ய, புகைபோக்கி அறைக்குள் வைத்துக் கரைசலில் கார்பன் மோனாக்சைடு செலுத்தினோம். அது பிளாட்டினத்தை முடக்கும், பொடியில் வினை நடக்கும் இரும்பு மையங்களை அவ்வளவாகத் தொடாது. கூடியிருந்த மின்னோட்டம் சட்டென்று விழுந்தது. சரி, விஷயம் தெளிந்தது.

அப்புறம் கம்பியைக் கழற்றிவிட்டு கிராஃபைட் தண்டு போட்டோம். கார்பன் துகள் உதிர்ந்து வரக்கூடாதே என்று அதையும் நுண்துளைக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வைத்தோம். கலத்தையும் புதிதாக வாங்கினோம். பழையதைக் கழுவி நம்ப மனம் வரவில்லை. இப்போது வரைகோடு மெல்ல இறங்குகிறது. அந்த இறக்கத்தைக் குறைப்பதுதான் அடுத்த வேலை.