ஜாவா ஸ்விங்: நீக்கிய லிசனர் ஏன் மீண்டும் ஓடுகிறது?

ஜாவாவில் விண்டோ, பட்டன் போன்றவற்றை அமைக்கும் நூலகமான ஸ்விங்கில் ‘சேமி’ பட்டனை ஒருமுறை அழுத்தினால் கோப்பு இருமுறை சேமிக்கப்படுகிறது. அல்லது எத்தனை முறை அழுத்தினாலும் எதுவும் நடப்பதில்லை. இவ்விரண்டிலும் கோளாறு பெரும்பாலும் பட்டனில் இருக்காது, இன்டர்ஃபேஸ் வழியாக நாம் இணைத்த லிசனரில்தான், அதாவது சொடுக்கு போன்ற நிகழ்வு நேரும்போது ஸ்விங் அழைக்கும் ஆப்ஜெக்டில்தான் இருக்கும். ஜேஃபிரேம் ஒன்றைத் திரையில் காட்டத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பதிவு போதும்.

முதலில், நிகழ்வு லிசனரில் உள்ள நம் மெத்தடை வந்தடைகிறதா என்று பாருங்கள். மெத்தடின் முதல் வரியில், நிரலை அங்கே நிறுத்திக் காட்டும் பிரேக்பாயின்ட் வையுங்கள். ஆங்காங்கே பிரின்ட் வரிகளை எழுதுவதைவிட இன்டெலிஜே என்ற நிரலெழுதும் மென்பொருளின் டீபக்கரையே நான் விரும்புகிறேன். மெத்தடை யார் அழைத்தார்கள் என்பதை அதிலுள்ள கால் ஸ்டாக் (அழைப்புகளின் வரிசை) முழுமையாகக் காட்டிவிடும்.

வந்தடையவில்லையெனில், மெத்தடின் பெயரைச் சரிபாருங்கள். மவுஸ்லிசனர் இன்டர்ஃபேஸை நேரடியாக இம்ப்ளிமென்ட் செய்யும்போது, அதன் 5 மெத்தட்களில் ஒன்று விடுபட்டாலும் கம்பைலர் பிழை காட்டும். மவுஸ்அடாப்டரை எக்ஸ்டெண்ட் செய்யும்போது அந்தப் பாதுகாப்பு கிடையாது. அந்த 5 மெத்தட்களும் அதில் வெறுமையாக ஏற்கெனவே இருப்பதால், ‘மவுஸ்பிரஸ்டு’ என்பதில் பெரிய ‘பி’க்குப் பதிலாகச் சிறிய ‘பி’ விழுந்தாலும் கம்பைலர் அதைப் புதிய மெத்தடாக ஏற்றுக்கொள்ளும். ஸ்விங்கோ பழைய வெற்று மெத்தடையே அழைக்கும். ஏற்கெனவே உள்ள மெத்தடைத்தான் மாற்றி எழுதுகிறோம் என்று கம்பைலருக்குச் சொல்லும் ஓவர்ரைடு அன்னொட்டேஷனை மெத்தடுக்கு மேலே எழுதியிருந்தால் இப்பிழை கம்பைல் செய்யும்போதே பிடிபடும். அதை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள்.

இருமுறை ஓடுகிறதெனில், பட்டனின் ‘கெட்ஆக்‌ஷன்லிசனர்ஸ்’ மெத்தடை அழைத்து, அது தரும் அர்ரேயின் நீளத்தைப் பாருங்கள். ஒரே லிசனரை மறுபடி சேர்த்தாலும் ஸ்விங் தடுப்பதில்லை. எத்தனை முறை சேர்த்தோமோ அத்தனை முறையும் அழைக்கும். படிவத்தைத் திறக்கும்போது சேர்த்தாலும் மூடும்போது நீக்கிவிடுகிறோமே என்று தோன்றலாம். இந்த இடத்தில்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். சேர்க்கும் வரியில் ‘திஸ்’, இரட்டை முக்காற்புள்ளி, ‘சேமி’ என்று மெத்தட் ரெஃபரன்ஸ் (மெத்தடைப் பெயரால் சுட்டும் முறை) கொடுத்து, நீக்கும் வரியிலும் அதையே எழுதினால், பார்வைக்கு ஒன்றாகத் தெரியும் அவ்விரண்டும் ஓடும்போது தனித்தனி ஆப்ஜெக்ட்களாக உருவாகின்றன. நீக்கும் மெத்தட் ‘ஈக்வல்ஸ்’ மூலம் ஒப்பிட்டுத் தேடுகிறது; பொருந்துவது கிடைக்காவிட்டால் எக்ஸெப்ஷன் எதையும் எழுப்பாமல் திரும்பிவிடுகிறது. லாம்டாவை (பெயரில்லாமல் அந்த இடத்திலேயே எழுதும் சிறு மெத்தட்) இரண்டு இடங்களிலும் தனித்தனியாக எழுதினாலும் இதே கதைதான். எனவே, ஆக்‌ஷன்லிசனர் வகையில் பிரைவேட் ஃபைனல் ஃபீல்டு ஒன்றை அமைத்து, மெத்தட் ரெஃபரன்ஸை அதில் ஒரேயொரு முறை வைத்துக்கொண்டு, சேர்க்கவும் நீக்கவும் அந்த ஃபீல்டையே கொடுங்கள். பிறகு அர்ரேயின் நீளம் குறைகிறதா என்று மறுபடியும் பாருங்கள்.

பிற்சேர்க்கை: ஜேபேனலில் விசை அழுத்தங்களைக் கவனிக்கும் கீலிசனர் வைத்தும் விசை அழுத்தம் வந்து சேரவில்லை என்று சிலர் கேட்டிருந்தனர். ஃபோகஸ் உள்ள, அதாவது அந்நேரத்தில் விசைகளை ஏற்கத் தேர்வாகியுள்ள காம்பொனென்டுக்கு மட்டுமே விசை நிகழ்வு செல்லும் என்பதால், ஃபிரேம் திரையில் தோன்றிய பிறகு பேனலின் ‘ரிக்வெஸ்ட்ஃபோகஸ்இன்விண்டோ’ மெத்தடை அழையுங்கள். ஆனால் பயனர் வேறொரு பட்டனைச் சொடுக்கியவுடன் ஃபோகஸ் அங்கே போய்விடும். ஷார்ட்கட் விசைகளுக்குக் கீலிசனரை விட்டுவிட்டு, இன்புட்மேப், ஆக்‌ஷன்மேப் இரண்டையும் கொண்டு, ஒரு விசையை ஒரு செயலுடன் இணைக்கும் கீ பைண்டிங்கைப் பயன்படுத்துவதே சரி என்பது என் கருத்து.